இரண்டு கடிகாரத்துத் திங்கட்கிழமை

“கலியாணசுந்தரம். ஆண். வயது எழுபத்தொன்று. தொழில் இல்லை. உடல் தளர்ந்தவர். காது மந்தம். பேச்சு குறைவு. வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நாள் முழுவதும் ஓய்வு. உழைப்புப் பணிக்கு உதவமாட்டார்.”

ஜப்பான்காரர்கள் மலாக்காவைப் பிடித்த மறு ஆண்டு, காஜா பேராங்கில் வீடு வீடாக வந்து தலை எண்ணியபோது எழுதிக்கொண்டு போன விவரம் இது. இதில் அவர் ஆண் என்பது வரை சரி. வயது உண்மையில் அறுபத்து நான்கு. மிச்சம் ஏழு வருடத்தை மகள் மல்லிகா ஒரு பாதுகாப்புக்காகச் சேர்த்துச் சொல்லியிருந்தாள். உடல் தளர்ந்தவர் காலையில் இறங்கினால் பண்டார் ஹிலிர் வரை நடந்து போய், அங்கே யாருடனாவது சண்டை போட்டுவிட்டு, நடந்தே திரும்புவார். மந்தமான அந்தக் காது இரண்டு வீடு தள்ளிப் பேசும் ரகசியத்தைப் பிடித்துவிடும். பேச்சு குறைவு என்று எழுதியிருப்பதைக் கேள்விப்பட்டு வட்டாரமே சிரித்தது. வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று மல்லிகா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லை.

ஓய்வு என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். வேலை பார்த்த காலத்தில்கூட அவருக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். விடியும் முன் தப்பு அடித்ததும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி, கங்காணி கையில் ஒப்படைப்பார். அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. அதற்கப்புறம் ஆள் காட்டில் விழுந்தாலும் ஆற்றில் விழுந்தாலும் அது கங்காணி பாடு. பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அரைப் பேர். அதாவது அன்றைக்குப் பாதிக் கூலி போயிற்று. வேலைக்காலம் முழுக்க ஒரு தோட்டத்தையே கடிகாரத்துக்குப் பயப்பட வைத்தவர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தான் மட்டும் அதற்குப் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வீட்டில் வந்து தங்கினார். மருமகன் ஜெயபாலன் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் ரப்பர் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். ஜப்பான் சண்டை வந்து கடை மூடியதும் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, அதைக் காவல் காத்துக்கொண்டு, மாமனாரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருந்தான். இரண்டில் எது கடினம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லியிருப்பான்.

கிழவர்களுக்குப் பொழுது போகாது என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்து அரிசி வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். இளவட்டங்கள் தெருவில் தலை காட்டப் பயந்தார்கள். பெண்கள் அதைவிட அதிகமாக. ஆகவே ஊருக்குச் சோறு போடும் வேலை, வேலைக்கு உதவாதவர்கள் தலையில் விழுந்தது. விடிந்தும் விடியாமலும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். நிற்க முடியாதவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய தகர டின்கள் நின்றன. கலியாணசுந்தரம் டின் வைப்பதில்லை. டின் திருட்டுப் போகும். செருப்பு வைப்பார், அதுவும் ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை எவனும் திருடமாட்டான் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். அதற்கு விலையாக, பாதி நாள் மற்றச் செருப்போடு நொண்டிக்கொண்டு ஊர் சுற்றுவார். யாராவது ஏன் என்று கேட்டால், ஒரு காலுக்குச் செருப்பு இல்லாமல் நடப்பது மூட்டுக்கு நல்லது என்பதற்கு நான்கு காரணம் சொல்வார்.

வரிசையிலிருந்து கோப்பிக் கடை. அங்கே கோப்பி இல்லை, வறுத்த சோளத்தண்ணீர்தான். ஆனால் உட்கார பலகை இருந்தது. அங்கிருந்து மாரியம்மன் கோவில் பக்கத்து ரம்புத்தான் மரத்தடி. அங்கே தம்பிராஜா காத்திருப்பார்.

தம்பிராஜா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சிட்டி வம்சத்தவர். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான். கலியாணசுந்தரம் தமிழில் பேசுவார், தம்பிராஜா மலாயில் பதில் சொல்வார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே புரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். அன்றாடம் மத்தியானம் வரை இது நடக்கும். எதைப் பற்றி வேண்டுமானாலும் நடக்கும். ஆனால் ஜப்பான்காரன் வந்த பிறகு ஒரே விஷயம்தான்: மணி.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த கையோடு நேரத்தையும் பிடித்துக்கொண்டார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இனி மலாக்காவிலும் மணி என்று உத்தரவு. கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. இருட்டில் எழுந்து, காலை ஏழு மணி என்று சொல்லிக்கொண்டு பல் விளக்கினார்கள். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: ராகுகாலம். அதுவும் ஒன்றரை மணி நேரம். கடிகாரம் நகர்ந்ததும் ஒன்றரை மணி நேரம். புதுக் கடிகாரத்துக்கு ராகு முடிகிற இடத்தில் பழைய கடிகாரத்துக்கு ராகு தொடங்கியது. இரண்டில் எது நிஜமான ராகு?

தம்பிராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. “மத்தாஹாரி தக் தவு ஜெப்புன்” என்பார். சூரியனுக்கு ஜப்பான் தெரியாதாம். அவர் பழைய கடிகாரக் கட்சி.

ஆகவே கலியாணசுந்தரம் புதுக் கடிகாரக் கட்சி. “ராகு என்ன காஜா பேராங்குலயா குடியிருக்காரு? ஆகாசத்துல இருக்காரு. ஆகாசத்த இப்ப யாரு வச்சிருக்கா? ஏரோப்ளேன் வச்சிருக்கிறவன் வச்சிருக்கான். அவன் சொல்றதுதான் மணி” என்பார். தம்பிராஜா சலித்துப்போய் ஒரு நாள் சரியென்று ஒப்புக்கொண்டபோது, இவர் உடனே பழைய கடிகாரக் கட்சிக்கு மாறிவிட்டார். எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சப் பொழுதை எப்படிப் போக்குவது?

இந்த வாதத்தைத் தள்ளி நின்று கவலையோடு கேட்டவர் ஒருவர் உண்டு. கருணாகரன். சண்டைக்கு முன் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். இப்போது ஜப்பான்காரர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கந்தோரில் கிராணி. கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட பட்டை கட்டியிருப்பார். நாற்பது வயது. கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். அந்த நாட்களில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருக்கவில்லை.

அவர் கந்தோரில் சேர்ந்த நாளில் பழைய கடிகாரத்தை நம்பி நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றே காவல்காரச் சிப்பாய்க்குக் குனிந்தது போதவில்லை என்று வலது கன்னத்தில் அறை. புதுக் கடிகாரப்படி அது ராகுகாலம் என்று பிற்பாடு தெரிந்தது. அடுத்த காரியத்துக்குப் புதுக் கடிகாரத்தை நம்பினார். இந்த முறை இடது கன்னம். பழைய கடிகாரப்படி ராகு. அதிலிருந்து எந்தக் காரியத்துக்கும் இரண்டு கடிகாரத்தையும் பார்த்துத்தான் காலெடுத்து வைப்பார். புத்திசாலி என்று தன்னை நினைத்துக்கொண்டவர் செய்யக்கூடிய காரியம்தான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியது இந்தச் சமயத்தில். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போய்க்கொண்டிருந்த தண்டவாளத்தையே பிடுங்கி அங்கே அனுப்பிவிட்டார்கள். அதைப் போடுவதற்கு ஆள் போக வேண்டியதுதான் பாக்கி. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி, துணி என்றார்கள். முதலில் போனவர்கள் மூன்று மாதம் தாண்டியும் வரவில்லை. அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஊர் புரிந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருணாகரன் கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்துப் பேசினார்.

“பெரிய கிராணி, நாளைக்குக் காலையில ஜெயபாலன் தயாரா இருக்கணும். இந்த வரிசை வீட்டுல இன்னும் சில பேரும் வர்றாங்க. எல்லாரையும் இங்கயே வரச் சொல்லியிருக்கேன். பண்டார் ஹிலிர்ல லோரி நிக்கும். மத்தியானத்துக்கு மேல தம்பினுக்குப் போவும், சாயங்கால ரயிலுக்கு.”

“என் மருமவன் என்னத்துக்கு ஆவான்? எட போடத்தான் தெரியும். சயாம்ல என்னத்த எட போடப் போறான்?”

“நான் என்ன செய்யட்டும்? இத்தன தலைன்னு கேக்குறாங்க. இன்னொண்ணு. நான் வந்து பேர் கூப்புடறதுக்கு முன்னாடி ஆள் ஓடிப்போயிட்டா, வீட்டுல உள்ளவங்களத்தான் கேப்பாங்க. அதையும் சொல்லிட்டேன்.”

கருணாகரன் போன பிறகு ஜெயபாலன் மண்வெட்டியைத் துடைத்து மூலையில் சாத்தினான். “ஓடமாட்டேன், மாமா. ஓடுனா ஒங்களையும் மல்லிகாவையும் புடிப்பாங்க” என்றான். மாமனாரைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு அமைதியாக இருக்கும் என்று பல தடவை சொன்னவன் அவன்தான். இப்போது அதைச் சொல்லவில்லை.

மல்லிகா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். “அப்பா, ஒங்களுக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே. யாருகிட்டயாச்சும் பேசுங்களேன்.”

“பேசறேன்.”

“என்னான்னு பேசுவீங்க?”

“அது பேசறப்பத்தான் தெரியும்.”

“இத்தன வருசமா பேசுறீங்க. ஒரு பிரயோஜனம் உண்டாப்பா, அந்தப் பேச்சால?” அவள் குரல் உடைந்தது.

திங்கட்கிழமை காலை. புதுக் கடிகாரப்படி காலை. கோழிகளைக் கேட்டால் இருட்டு. கருணாகரன் மணிக்கட்டில் புது மணிக்கு ஒரு கடிகாரமும் சட்டைப் பையில் பழைய மணிக்கு ஒரு கடிகாரமுமாக அவசரமாக வந்தார். துணைக்கு யாரும் வரவில்லை. கைப்பட்டைக்கே எல்லாரும் பயந்ததால் துப்பாக்கியைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ராகு தொடங்குமுன் ஆட்களைக் கிளப்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டு முன்னால் ஜெயபாலனும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் சிலரும் மூட்டையோடு நின்றார்கள்.

“வா தம்பி, கோப்பி குடி” என்றார் கலியாணசுந்தரம்.

“நேரமில்ல பெரிய கிராணி. கெளம்பணும்.”

“கெளம்பு, வேணாங்கல. பேர் கூப்புட்டியா?”

“எல்லாரும் நிக்கிறாங்களே.”

“நிக்கிறான்னா? நின்னவன் எல்லாம் ஆளா? நான் எத்தன வருசம் பெரட்டு எடுத்தவன்! பேர் கூப்புடணும், அவன் ஆஜர்னு சொல்லணும், நீ எண்ணணும், வாங்கிக்கிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். நாளைக்கு ஒரு ஆளு கொறஞ்சா ஜப்பான்காரன் என்னையா கேப்பான்?”

கருணாகரனுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவனாக ஆஜர் சொன்னான். கடைசியில் ஜெயபாலன் மாமனாரை முறைத்துக்கொண்டே சொன்னான். தன்னைப் பிடித்துக் கொடுப்பதற்கு மாமனார் முறை வேறு சொல்லிக் கொடுக்கிறாரே என்று அவனுக்கு எரிச்சல். கருணாகரன் இரண்டு முறை எண்ணி, “வாங்கிக்கிட்டேன்” என்றார். அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பழைய கிராணிக்கு இதில் பத்து வயது குறைந்தது போல் ஒரு மகிழ்ச்சி. எதற்காக என்று அவருக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

எண்ணி முடிப்பதற்குள் மணிக்கட்டுக் கடிகாரம் ஏழரையைத் தொட்டது.

“அய்யய்யோ” என்றார் கருணாகரன்.

“அதனால என்னா? லோரி மத்தியானத்துக்கு மேலதான? உக்காரு. பயலுவ பின்னால மரவள்ளிப் பக்கம் போய் உக்காரட்டும். தெருவுல நின்னா பாக்குறவன் என்னமோன்னு நெனைப்பான்.”

கொல்லைப்புறத்துக்கு முதுகு காட்டும்படி ஒரு நாற்காலி போடப்பட்டது. கருணாகரன் உட்கார்ந்தார். சோளக் கோப்பியும் கடித்துக்கொள்ள ஒரு வெல்லத்துண்டும் வந்தன. கலியாணசுந்தரம் பேசத் தொடங்கினார். தோட்டத்துத் துரை நாய் வளர்த்தது, நாய் துரையை வளர்த்தது, ரப்பர் விலை விழுந்தது, ஒரு கங்காணிக்கு மூன்று பெண்டாட்டி இருந்தும் சோறு போட ஆளில்லாமல் போனது எல்லாம் வந்தன. புதுக் கடிகாரத்து ராகு ஒரு வழியாக முடிந்தது. கருணாகரன் எழுந்து துண்டை உதறினார்.

அந்தச் சமயம் பார்த்துத் தம்பிராஜா படியேறி வந்தார். ரம்புத்தான் மரத்தடியில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கிராணி செத்துப்போய்விட்டானோ என்று பார்க்க வந்தவர். கருணாகரன் கிளம்பி நிற்பதைக் கண்டதும் கையை உயர்த்தித் தடுத்தார். இப்போதா கிளம்புவது? சூரியன் கணக்கில் ராகு இப்போதுதானே பிறக்கிறது! சட்டைப் பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார் கருணாகரன். ஆமாம், ஏழரை. உட்கார்ந்துவிட்டார்.

கலியாணசுந்தரம் உள்ளே போனார், இரண்டாவது கோப்பிக்கு. மல்லிகா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“பேர் கொடுத்தாச்சு. இனி ஒம் புருசன் கருணாகரனோட ஆளு. காணோம்னா கருணாகரன்தான் பதில் சொல்லணும். ஜெயபாலன கிளேபாங்கு கடற்கரைக்குப் போகச் சொல்லு. தனித்தனியா போவணும், எல்லாரும்.”

அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு விளக்கம் இல்லை, கிளைக்கதை இல்லை. மல்லிகா பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

திரும்பி வந்து உட்கார்ந்த கலியாணசுந்தரத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் கொல்லைப்புறம் பற்றித்தான் வரும் போலிருந்தது. நல்லவேளையாகத் தம்பிராஜா, ராகு சூரியனைச் சேர்ந்தவர், கடிகாரத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று ஆரம்பித்தார். உடனே பழக்கதோஷம் இவருக்குக் கைகொடுத்தது. மறுத்தார். எதை மறுக்கிறோம் என்று தெரியாமலேயே மறுத்தார். அந்த வாதத்திலேயே பழைய ராகுவும் கழிந்தது.

“சரி, ரெண்டு ராகுவும் முடிஞ்சுது” என்று கருணாகரன் எழுந்தார்.

“எமகண்டம்?” என்றார் கலியாணசுந்தரம்.

திங்கட்கிழமையின் விசேஷம் அதுதான். புது ராகு முடிந்தால் பழைய ராகு. அது முடிகிற நொடியில் புதுக் கடிகாரத்தில் பத்தரை, எமகண்டம். அது முடிந்தால் பழைய கடிகாரத்துக்கு எமகண்டம். நடுவில் ஒரு இமைப்பொழுது இடைவெளி கிடையாது. ஜப்பான்காரனும் பஞ்சாங்கமும் சேர்ந்து திட்டம் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரே ஒரு கடிகாரத்தை நம்புகிறவனுக்கு அன்று இடையில் நல்ல நேரம் இருந்தது. இரண்டையும் நம்புகிறவனுக்குப் பாதி நாள் போயிற்று.

இங்கேதான் காரியம் கெடப் பார்த்தது. தம்பிராஜா நேர்மையானவர். சூரியன் கணக்குப்படி இப்போது எமகண்டம் கிடையாது, தாராளமாகக் கிளம்பலாம் என்று மலாயில் அடித்துச் சொன்னார். கருணாகரன் முகம் மலர்ந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

“போ தம்பி, போ” என்றார் கலியாணசுந்தரம் அமைதியாக. “ஒரு கடியாரத்த நம்பித்தான மொத அற வாங்குன? இன்னொரு கடியாரத்த நம்பித்தான ரெண்டாவது அற? எந்தக் கன்னம் பாக்கி இருக்குன்னு பாத்துக்கிட்டு போ.”

படியில் வைத்த கால் மேலே வந்தது.

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு அவித்து மூன்று பேருக்கும் கொடுத்தாள் மல்லிகா. அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று கலியாணசுந்தரம் தேடினார். தட்டை வைக்கும்போது கடற்கரைப் பக்கம் காற்று நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அவர் இன்னொரு துண்டு கிழங்கு கேட்டு வாங்கினார்.

பழைய கடிகாரத்து எமகண்டமும் முடிந்தபோது கருணாகரன் துள்ளி எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். மரவள்ளிச் செடிகள் வரிசையாக நின்றன. ஆட்கள் இல்லை. ஒரு மூட்டை மட்டும் கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

“பெரிய கிராணி! என்னக் கவுத்துட்டீங்களே!”

“நானா? பேர் கூப்புட்டது யாரு? எண்ணுனது யாரு? வாங்கிக்கிட்டேன்னு ஊர் கேக்கச் சொன்னது யாரு? பெரட்டு முடிஞ்சா ஆளு யாரோட ஆளு?”

“அப்ப நீங்க வாங்க. ஒரு தலைக்காவது கணக்குச் சொல்றேன்” என்று கருணாகரன் கையைப் பிடித்தார்.

“என்னது?” என்றார் கலியாணசுந்தரம், காதுக்குப் பின்னால் கையை வைத்து.

“அப்பாவுக்குக் காது கேக்காது” என்றாள் மல்லிகா கதவருகில் நின்று. “எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. எழுபத்தொண்ணு வயசு.”

காலையிலிருந்து ஆறு மணி நேரம் தன்னோடு வாதாடிய மனிதரைக் கருணாகரன் வெறித்துப் பார்த்தார். அந்த விவரத்தை எழுதியது அவருடைய கந்தோர்தான். பொய் என்று சொன்னால் எழுதியவனுக்கும் அடி விழும். எழுதியவன் அவருடைய மச்சான். கையை விட்டார். தலைதெறிக்க ஓடப் போனவரைத் தம்பிராஜா பரிதாபத்தோடு கூப்பிட்டு, புதுக் கடிகாரத்துக்கு இப்போது குளிகை ஆயிற்றே என்றார். அவர் உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார். குளிகையில் தொடங்கும் காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். ஆளைத் தொலைத்துவிட்டு ஜப்பான் துரைமார் முன் போய் நிற்கிற காரியம் திரும்பத் திரும்ப நடந்தால் எப்படி இருக்கும் என்று கருணாகரன் ஒரு கணம் யோசித்தார். நாற்காலிக்குத் திரும்பி வந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கேட்காமலே கோப்பி வந்தது. குளிகைக்கும் இரண்டு கடிகாரம் உண்டு. இரண்டும் கழியும் வரை உட்கார்ந்தார்.

பிறகு, எந்தக் கடிகாரப்படியும் எந்தக் குற்றமும் இல்லாத சுத்தமான நல்ல நேரத்தில் அவர் பண்டார் ஹிலிருக்குக் கிளம்பினார். லோரி போய் நேரமாகியிருந்தது. ஒரு கன்னத்தில் அல்ல, இரண்டிலும் விழுந்தது. ஆனால் அதற்கு மேல் விசாரணை இல்லை. லோரிக்கு வேண்டிய தலைகள் சேர்ந்துவிட்டன. தலைக்கு உரிய பெயரைப் பற்றி ஜப்பான்காரர்கள் கவலைப்படவில்லை. ராகுகாலத்துக்காக உட்கார்ந்திருந்ததைக் கருணாகரனும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் விழும்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு இந்தக் கதை வளர்ந்தது. கோப்பிக் கடையில் கலியாணசுந்தரம் சொன்ன முதல் பதிப்பில் கருணாகரனோடு ஒரு சிப்பாய் வந்திருந்தான். அடுத்த மழைக்காலத்தில் அவன் அதிகாரியாகி, இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு வந்தான். அதற்கடுத்த பதிப்பில் கலியாணசுந்தரம் அவனோடு ஜப்பான் மொழியிலேயே வாதம் செய்தார். தம்பிராஜா ஒவ்வொரு முறையும் இல்லையென்று மறுத்தார். மறுக்க மறுக்கப் பதிப்புகள் பெருகின. ஜெயபாலன் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. மாமனார் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டான். உட்கார்ந்து கடைசி வரை கேட்பான்.

நடந்தது இவ்வளவுதான். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கலியாணசுந்தரம் கருணாகரனை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஜெயபாலன் கிளேபாங்குக்குப் போய், சண்டை முடியும் வரை அங்கே மீன்காரர்களோடு வலை இழுத்தான். மற்றவர்களும் தப்பினார்கள். லோரியில் இடம் காலியாக இருந்ததால், புக்கிட் பாரு சடக்கில் போய்க்கொண்டிருந்த சிலரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் யார் என்று கலியாணசுந்தரம் ஒரு நாளும் யாரிடமும் கேட்கவில்லை.